ஒரே ஒரு ‘புட்’டைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஃப்ரேசல் வெர்ப் பழக நான் கண்ட வழி

தரமணியில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட்டுக்குச் சேர்ந்த புதிது. லைனில் இருந்த அம்மாவிடம், காலை பில்லிங் பிரிவுக்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்ல, “ஐ வில் புட் த்ரூ யூ டு பில்லிங்” என்றேன். அவருக்குப் புரிந்தது, போன் காலும் பில்லிங்குக்குப் போய்விட்டது. பக்கத்து சீட் அக்கா மட்டும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, “டேய், புட் யூ த்ரூடா” என்றார். ஏன் என்று கேட்டால் “அப்படித்தான்” என்றார். அந்த ‘அப்படித்தான்’ எனக்குப் பிடிபட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

ஃப்ரேசல் வெர்ப் என்றால் என்ன என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. புட் தெரியும், ஆஃப் தெரியும், இரண்டும் சேர்ந்து வேறு ஓர் அர்த்தத்தில் வந்தால் முழிக்கிறோம், அவ்வளவுதான் விஷயம்.

முதல் வேலை: ‘முக்கியமான 500 ஃப்ரேசல் வெர்ப்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்பை டெலிட் செய்யுங்கள். நானும் அப்படி ஒன்றை பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் வரை போட்டேன், ஏ, பி என்ற முதல் இரண்டு எழுத்துகளைத் தாண்டவில்லை. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு வினை போதும். புட்டில் ஆரம்பியுங்கள். நேற்று நடந்தாலும் புட்தான், தினமும் நடந்தாலும் புட்தான், கோ, வென்ட் ஆவதுபோல் உருவம் மாறுகிற தொல்லை கிடையாது. உச்சரிப்பு, குழாய்ப் புட்டில் வருகிற அதே புட்.

இரண்டாவது, 40 பக்க நோட்டு ஒன்றில் இடது பக்கம் தமிழை எழுதுங்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்: புட் ஆஃப். சட்டையைப் போட்டுக்கொள்: புட் ஆன். ஆள் நல்லா வெயிட் போட்டுவிட்டான்: அதுவும் புட் ஆன்தான். பார்த்தீர்களா, நம் ‘போடு’வும் இதே வித்தையைத்தான் செய்கிறது. தள்ளிப்போடும்போது யாரும் எதையும் கையால் தள்ளுவதில்லை, விட்டுக்கொடுக்கும்போது யாரும் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை, ஆனாலும் பிறந்ததிலிருந்து குழம்பாமல் பேசுகிறோம். எல்லாமே ‘போடு’வில் அடங்கிவிடாது என்பதும் உண்மை. புட் அவே என்றால் எடுத்து வைப்பது, புட் அவுட் என்றால் தீயை அணைப்பது, புட் டவுன் என்றால் ஒருவரை மட்டம் தட்டுவது. (ஒருவர் தன் நாயைப் பற்றி ‘வீ புட் ஹிம் டவுன்’ என்றால் டாக்டரிடம் கொண்டுபோய்க் கருணைக்கொலை செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கே சிரித்துவைக்காதீர்கள்.)

இப்போது நான் குப்புற விழுந்த இடம். ‘புட் ஆஃப் த மீட்டிங்’ சரி, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்பதும் சரி. ஆனால் மீட்டிங்கை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டால் ‘புட் இட் ஆஃப்’ மட்டும்தான் சரி, ‘புட் ஆஃப் இட்’ தப்பு. இட், யூ, தெம், ஹிம் எல்லாம் லேசான சொற்கள். இந்த வகை வினையில் கடைசியில் நிற்பதற்குத்தான் அழுத்தம், அந்த இடத்தில் நிற்க இவற்றுக்குத் தெம்பு கிடையாது, அதனால் நடுவே போய் ஒண்டிக்கொள்கின்றன. நமக்கு இது ஏன் வரமாட்டேன் என்கிறது தெரியுமா? தமிழில் ‘தள்ளித்தான் போட்டார்கள்’, ‘தள்ளியே போடுகிறான்’ என்று தானும் ஏயும் நடுவில் நுழையும், ஆனால் எதைத் தள்ளிப்போட்டார்களோ அது எப்போதும் வெளியேதான், பெரும்பாலும் முன்னால், நிற்கும். ‘தள்ளி மீட்டிங்கைப் போடு’ என்று யாராவது சொல்வோமா?

விதியை மனப்பாடம் செய்து எனக்குப் பலன் இல்லை, தாளம்தான் கைகொடுத்தது. வேளச்சேரியிலிருந்து திருமயிலை வரை பறக்கும் ரயிலில் தொடையில் தட்டிக்கொண்டே ‘டோன்ட் புட் இட் ஆஃப்’, ‘புட் தெம் அவே’, ‘புட் மீ த்ரூ’ என்று முணுமுணுப்பேன், கடைசிச் சொல்லில் மட்டும் தட்டு பலமாக விழும். எதிர் சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

கருவி என்று கேட்டால், ஃப்ளாஷ்கார்ட் ஆப் எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை, நோட்டுதான். அகராதிக்கு லாங்மேன் இணைய அகராதி. அதில் சில ஃப்ரேசல் வெர்ப்களின் நடுவே இரண்டு பக்கமும் பார்க்கும் அம்புக்குறி இருக்கும். அது இருந்தால் பிரிக்கலாம் என்று பொருள். ஒரு வருஷமாக அந்த அம்பைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அப்புறம் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதற்கு ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று நம் ஊரில் கேட்பது, ஃபைலை மேலதிகாரியின் பார்வைக்கு ‘புட் அப்’ பண்ணுவது எல்லாம் இந்திய ஆங்கிலம். மாம்பலத்தில் பத்து வருஷமாகக் குடியிருப்பவரிடம் கூட அப்படிக் கேட்போம். பிரிட்டிஷ்காரருக்கு ஓர் ஆளைப் புட் அப் பண்ணுவது என்றால் விருந்தாளியைச் சில நாள் வீட்டில் தங்கவைப்பது. இங்கே பேசுங்கள், தப்பில்லை, வெளிநாட்டுப் போன் காலில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த இரண்டு பேர் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் நீலச் சட்டை போட்டிருப்பதை ‘ஐ ஆம் புட்டிங் ஆன்’ என்று எழுதியிருந்தார். புட் ஆன் என்பது பட்டன் மாட்டும் அந்த நிமிஷம், அதாவது போட்டுக்கொள்வது. போட்டிருப்பதற்கு ‘ஐ ஆம் வேரிங்’. இன்னொருவர் ‘புட் அப் வித்’தை உடைத்து ‘புட் இட் அப் வித்’ ஆக்கிவிட்டார். அது பொறுத்துக்கொள்வது, மூன்று சொல் கூட்டணி, பிரியாது. அதனால் இங்கே இட் கடைசிக்குப் போகிறது. மேல் வீட்டு மோட்டார் காலை நாலு மணிக்கே ஓட ஆரம்பித்தால் ‘ஐ காண்ட் புட் அப் வித் இட்’.