தொலைதூரப் பணித்தளத்தில் தொழிலாளர் முகாம்: 600 பேருக்கான ஒரு கணக்கு

முகாம் அமைக்கும் பொறுப்பு முதன்முறையாகக் கைக்கு வரும் இளம் பொறியாளர்கள், 'எத்தனை கொட்டகை போட வேண்டும்?' என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். கொட்டகை பிற்பாடு வருவது. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே வரைபடத்தைத் தொட வேண்டும். 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்கத் தொடங்கிய, இராமநாதபுரம் மாவட்டக் கமுதியைப் போன்றதொரு கரிசல் பகுதியில், 600 பேருக்கு லேபர் காலனி அமைப்பதாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஆள் கணக்கு

திட்ட அட்டவணையிலிருந்து மாதவாரியாக ஆட்களின் எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். சராசரியைப் பார்த்து முகாம் கட்டக் கூடாது. உச்ச மாதத்தின் எண்ணிக்கையே நமக்குரியது. கட்டுமானக் குழுக்கள் முழுவதும் கிளம்புவதற்கு முன்பே ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் வந்து இறங்குவார்கள் என்பதால், அந்த ஓரிரு மாதங்களில்தான் நெரிசல் மிகுதியாகும். இரவுப் பணி உண்டா, பெண்களும் குடும்பங்களும் வருகிறார்களா, எந்தெந்த மாநிலத்தார் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: இடம்

சித்திரையில் பார்த்த நிலத்தை நம்பிவிடாதீர்கள். வானம் பார்த்த பூமியில் கோடைக்காலத்தில் எல்லா நிலமும் மேட்டு நிலமாகவே தெரியும். ஐப்பசியில் கண்மாய் நிறைந்து கலிங்கு வழியாக மறுகால் பாயும்போதுதான் எது ஓடை, எது மேடு என்பது தெரியவரும். நில அளவை வரைபடம் கையில் இருந்தாலும், அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகும்?" என்று கேட்டுவிடுங்கள். நான் பணியாற்றிய ஒரு தளத்தில் இதைக் கேட்காமல் விட்டதால், கார்த்திகை மாதத்தில் ஒரே இரவில் நான்கு வரிசைக் குடியிருப்பை வேறிடத்துக்கு மாற்ற நேர்ந்தது. ஜெனரேட்டரும் குப்பைக் குழியும், அவ்வூரில் ஆண்டின் பெரும்பகுதி வீசும் காற்றின் போக்கில் குடியிருப்புக்கு அப்பால் அமைய வேண்டும்.

படி 3: தண்ணீரும் கழிவுநீரும்

சர்வதேச நிதிக் கழகமும் ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கியும் 2009இல் இணைந்து வெளியிட்ட தொழிலாளர் தங்குமிட வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 முதல் 180 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும் என்கிறது. நாம் 100 லிட்டர் என்று கொண்டால், 600 பேருக்கு 60,000 லிட்டர் தேவை. அதாவது 12,000 லிட்டர் லாரிகள் நாள்தோறும் ஐந்து வர வேண்டும். ஒரு லாரி பழுதானாலோ ஊரில் மறியல் நடந்தாலோ முகாம் தவித்துப்போகும் என்பதால், இரண்டு நாள் தேவையான 1,20,000 லிட்டரைச் சேமித்து வைக்கும் தொட்டிகள் இருந்தே ஆக வேண்டும். உவர்நீர்ப் பகுதியில் போர்வெல் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் விட்டுவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் ஆர்.ஓ. தண்ணீரைத் தனிக்குழாயில் கொடுங்கள், ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கும் நீரைக் கழிப்பறைக்குத் திருப்பலாம். குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்து, தொட்டிக்கு மிகத் தொலைவிலுள்ள குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கிறதா என்று தினமும் சோதித்து எழுதி வையுங்கள்.

வந்த தண்ணீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவாக வெளியேறும் என்பது பொதுவான கணக்கு. நம் முகாமுக்கு அது 48,000 லிட்டர். செம்மண்ணாக இருந்தால் உறிஞ்சு குழி ஓரளவு தாங்கும். கரிசல் மண் நனைந்தவுடன் உப்பி இறுகிக்கொள்வதால் தண்ணீரை உள்ளே வாங்காது; ஒரு மழை பெய்தாலே குழி நிரம்பி வழியத் தொடங்கிவிடும். ஆகவே இவ்வகை நிலத்தில் சிறிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கான செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். பின்னால் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

கழிப்பறையைப் பொறுத்தவரை, மேற்சொன்ன வழிகாட்டி 15 பேருக்கு ஒன்றாவது வேண்டும் என்கிறது. அப்படியானால் நமக்கு 40 கழிப்பறைகள் வேண்டும். பணித்தளப் பேருந்து காலை ஆறரைக்குக் கிளம்புமென்றால், 15 பேரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால்கூட 75 நிமிடம் ஆகிவிடுகிறது. கடைசி ஆள் காட்டுப்பக்கம் ஒதுங்குவதற்கு அவருடைய பழக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இடமும் பணமும் இருந்தால் பத்துப் பேருக்கு ஒன்று கட்டுங்கள் என்பதே என் பரிந்துரை. பெண்களுக்கான கழிப்பறையும் குளியலறையும் தனித் தொகுதியாக, விளக்கு வெளிச்சத்துடன், அவர்கள் அறைகளுக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

படி 4: அறைகள்

ஆறு பேருக்கு ஓர் அறை என்று வைத்தால் நூறு அறைகள். அறை 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் இருந்தால், ஒருவருக்கு 12 கன மீட்டர் கிடைக்கும். வழிகாட்டி கேட்பது 10 முதல் 12.5 வரை. கட்டில்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். மூன்றடுக்குக் கட்டில் கூடவே கூடாது. தகரக் கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்புப் பலகை இல்லாவிட்டால், இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் கண்ணயர முடியாது. தூங்காதவரை மறுநாள் உயரத்தில் ஏற்றுவது விபத்தை அழைப்பதாகும். இரவுப் பணியாளருக்குத் தனி வரிசையை ஒதுக்குங்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மின்விளக்கும் ஒரு சார்ஜர் பிளக்கும் கொடுத்தால், அறைக்குள் ஒயர்கள் கொடிபோல் தொங்குவது தானாகவே நின்றுவிடும். 30 மில்லியாம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு சுவிட்சும் கட்டாயம்.

படி 5: மெஸ்

அறைக்குள் சமைக்கக் கூடாது என்னும் பலகையை எல்லா முகாமிலும் பார்க்கலாம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் மின்கம்பிச் சுருள் வைத்த 'காயில்' அடுப்பையும் பார்க்கலாம். தீ விபத்தின் வேர் அந்த அடுப்பில் இல்லை, மெஸ்ஸில் இருக்கிறது. பீகார், ஜார்கண்ட் தொழிலாளிக்கு மூன்று வேளையும் சாம்பார் சோறு போட்டால் அவர் எப்படியும் தனியாகச் சமைத்துக்கொள்வார். ரொட்டி சுடத் தெரிந்த சமையல்காரரும், சமையலறையில் கடுகெண்ணெயும், வாரம் இருமுறை முட்டையோ மீனோ இருந்தால் பறிமுதல் சோதனைகளுக்குத் தேவை இராது. மெஸ் கழிவை மூடிய தொட்டியில் போட்டு அன்றன்றே அகற்றுங்கள். கழிவு எலியைக் கொண்டுவரும், எலி பாம்பைக் கொண்டுவரும்.

படி 6: அன்றாட நிர்வாகம்

புதிதாக வருபவரின் பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிந்து, அடையாள அட்டையின் நகலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அசலைப் பிடித்து வைப்பது குற்றத்துக்கு வழிவகுக்கும். மலேரியா மிகுந்த மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவியோடு இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை எடுத்துக்கொள்வதால், வாரம் ஒருமுறை எல்லாத் தொட்டிகளையும் கழுவிக் காய வைத்தால் டெங்கு பெரும்பாலும் அண்டாது. அம்மை கண்டவரைத் தனித்துவைக்க இரண்டு அறைகளைக் காலியாகவே வைத்திருங்கள்.

புகார்ப் பெட்டியில் எனக்கு நம்பிக்கையில்லை. இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, மாலை ஏழு மணிக்கு வரிசை வரிசையாக நடந்து வந்தால், எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்த மேஸ்திரி கூலியை நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு ஒரு வண்டி விடுங்கள்.

படி 7: கலைத்தல்

1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் தற்காலிகத் தங்குமிடத்தை இலவசமாகத் தர வேண்டும் என்றதோடு, வேலை முடிந்ததும் வேலையளிப்பவர் தம் செலவில் அதை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, துப்புரவாக விட வேண்டும் என்றும் சொன்னது. அதன் இடத்தில் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருப்பதால், நடப்பு விதிகளைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதி எதுவாயினும், கடைசி லாரி புறப்படும் முன் கழிவுநீர்த் தொட்டிகளில் இருப்பதை உறிஞ்சி எடுத்து, கிராவல் போட்டு மூடி, அந்த இடத்தை நிலத்துக்காரரிடம் நேரில் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.