பழைய பிரெஞ்சுக் கிராம வீட்டு ஓவியம்: கைவைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பாரிசுக்கு வடக்கே உள்ள எக்குவான் என்ற ஊரில் குடியேறிய எதுவார் ஃப்ரேர் (1819–1886), ஏழை வீடுகளின் உள்ளறைகளையும் அங்கிருந்த குழந்தைகளையும் விரும்பி வரைந்தவர். அந்த வகை ஓவியங்களில் அறை பெரும்பாலும் இருண்டே இருக்கும். ஒரு சன்னல் வெளிச்சம், கணப்படுப்பின் தணல், செப்புப் பாத்திரத்தில் ஒரு மினுக்கம், மற்றதெல்லாம் பழுப்பு.

அந்தப் பழுப்பு முழுவதையும் அழுக்கு என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. மேலே இருக்கும் வார்னிஷ் வயதாகி மஞ்சளாகியிருக்கும், உண்மைதான். ஆனால் அதன் கீழே உள்ள இருட்டை ஓவியரே மெல்லிய நிறப்பூச்சுகளாக அடுக்கி உருவாக்கியிருப்பார். வெட்டிய உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு, சோப்புத் தண்ணீர் என்று வீட்டு வைத்தியம் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். விரிசல் வழியாக ஈரம் இறங்கினால் அடியில் உள்ள பசைப்பூச்சு உப்பி, வண்ணம் செதில் செதிலாகத் தூக்கிக்கொள்ளும். ஸ்பிரிட் இன்னும் மோசம். அக்காலத்து ஓவியர்கள் பலர் ஆழ்ந்த பழுப்புக்காகத் தார் போன்ற பிட்டுமினைக் கலந்தார்கள். அது முழுமையாகக் காய்வதே இல்லை. முதலைத் தோல் மாதிரி அகலமான வெடிப்புகள் தெரிந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வார்னிஷைக் கரைக்கும் திரவம் பிட்டுமினையும் கரைக்கும். துடைக்கும் பஞ்சில் அழுக்கோடு ஓவியத்தில் இருக்கும் பாட்டியின் பாவாடை நிழலும் சேர்ந்து வந்துவிடும், திரும்ப வராது.

வண்ணம் உதிராத ஓவியமென்றால் மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டலாம், அவ்வளவுதான். மீதியை ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள். புற ஊதா விளக்கில் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்காலத்தில் மேலே தீட்டிய இடங்கள் கறுத்துத் தெரியும். அதைப் பார்த்த பிறகே அவர் கைவைப்பார்.

அப்புறம், ஓவியரின் கையெழுத்தை மட்டும் நம்பி வாங்குவதும் தவறு. உழவர் வாழ்வை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் பெயரில் போலிகளை விற்றவர்களில் அவருடைய சொந்தப் பேரனே ஒருவர். எனக்கு முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தின் மேல் நம்பிக்கை அதிகம். பாரிஸ் வண்ணக்கடைகளின் முத்திரை, பழைய ஆணிகள், ஏலம் விட்டவர்கள் ஒட்டிய சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். பிரெஞ்சுக் கேன்வாஸ்கள் எண்ணிட்ட அளவுகளில் விற்கப்பட்டன. உதாரணமாக, மனித உருவப் படங்களுக்கான 'உருவ' வரிசையில் 8-ஆம் எண் அளவு 46 × 38 செ.மீ. இது மட்டுமே சான்றாகாது, ஆனால் மற்ற தடயங்களோடு சேர்ந்து பேசும். அதனால் சட்டம் மாற்றும்போது கேன்வாஸை இழுத்து ஆணியடித்திருக்கும் பழைய உள்சட்டத்தையும் சீட்டுகளையும் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

லென்ஸ் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதும் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வண்ண அச்சுப்படத்தைத் துணியில் ஒட்டி, வார்னிஷ் பூசி விற்றிருக்கிறார்கள். வண்ணத்துக்குப் பதில் நுண்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு.

மாட்டும் இடம்? ஈரம் கோக்கும் வெளிச்சுவர், ஏ.சி. காற்று நேராகப் படும் இடம், நேர் வெயில் மூன்றும் வேண்டாம். கேன்வாஸ் தொய்ந்திருந்தால் உள்சட்டத்தின் மூலைகளில் செருகியிருக்கும் ஆப்புகளை நீங்களே சுத்தியலால் தட்டி இறுக்கப் பார்க்காதீர்கள். காய்ந்துபோன பழைய துணி ஆணி ஓரத்தில் கிழிந்துவிடும்.