வைஃபை பாஸ்வேர்டை மாற்ற ரீசெட் பட்டன் வேண்டாம்

கிருஷ்ணகிரியில் எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் காவேரிப்பட்டினத்துக்கு வீடு மாறிப் போன பிறகுதான், எங்கள் வைஃபை பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யோசித்தேன். மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஒரு முகவரியும் லாகின் விவரமும் பெரும்பாலும் இருக்கும். போனை வீட்டு வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அந்த எண்ணை பிரவுசரில் அடித்து, லாகின் விவரத்தைக் கொடுத்து ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். வயர்லெஸ் என்ற பகுதியில் புது பாஸ்வேர்டைப் போட்டு சேவ் செய்யுங்கள். குறைந்தது 8 எழுத்து வேண்டும். நான் 12-க்குக் குறைய விடுவதில்லை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளும் தனித்தனிப் பெயரில் இருந்தால் இரண்டிலும் மாற்றுங்கள். பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அப்படியே லாகின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், அது வேறு.

ரீசெட் விஷயத்தில்தான் கவனம் தேவை. பின்பக்கச் சிறு துளையில் குண்டூசியால் பத்து விநாடி அழுத்தினால் எல்லா அமைப்பும் அழிந்துவிடும். ஃபைபர் இணைப்பு என்றால் நெட் வருவதற்கான விவரங்களும் சேர்ந்து போய்விடலாம். அப்புறம் இணைப்புக் கொடுத்தவர் வந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும். லாகின் மறந்துபோயிருந்தால் முதலில் அவருக்குப் போன் செய்து, நெட் இணைப்புக்கான யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு அழுத்துங்கள்.

மாற்றிய பின் டிவி, கேமரா எல்லாவற்றிலும் புது பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.