ஐ7, 16 ஜிபி, 500 வாட்ஸ்: குறைந்த விலை கேமிங் பிசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஏதாவது ஒரு கடையில் நின்று, ஐம்பது அறுபதாயிரத்துக்குள் ஒரு கேமிங் பிசி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட வேகத்தில் பதில் வரும்: "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். ஆர்ஜிபி கேபினட் ஃப்ரீ அண்ணா." இதில் ஒன்றுகூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியில் புதிய கேம் எதுவும் உருப்படியாக ஓடாமல் போகலாம். அந்த ஐ7 எந்தத் தலைமுறை, 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா இரண்டா, 4 ஜிபி கார்டின் முழுப் பெயர் என்ன, பிசிக்குக் கரண்ட் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 500 வாட்ஸில் 12 வோல்ட்டுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பட்ஜெட் பில்டில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஐ7 கதையை முதலில் முடித்துவிடலாம். இன்டெல் கோர் ஐ7-2600 என்பது 2011-இல் வந்த பிராசஸர். நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-இல் வந்த கோர் ஐ3-12100எஃப்-பிலும் நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஐ3 வெகுதூரம் முன்னால் நிற்கும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ7-களில் ஏவிஎக்ஸ்2 என்கிற கட்டளைத் தொகுப்பே கிடையாது. அதைக் கேட்கும் கேம்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-ஐப் பொறுத்தவரை மைக்ரோசாஃப்ட்டின் பட்டியல் இன்டெலில் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. வேலோரண்ட் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: விண்டோஸ் 11-இல் அந்த கேம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்கிற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தால்தான் உள்ளே விடும். ஆகவே "ஐ7" என்று யாராவது சொன்னால் அதற்குப் பின்னால் வரும் நான்கு அல்லது ஐந்து இலக்க எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குகிற கடையில் பேரம் பேச வேண்டாம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் அந்த பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டி ரைசன் 5 5600-லும் இல்லை, 5600ஜி-யில் உண்டு. "இப்போதைக்கு பிசி, கார்டு அடுத்த போனஸில்" என்று நினைப்பவர்கள் எஃப் வாங்கிப் போனால், வீட்டில் மானிட்டர் கருப்பாகத்தான் நிற்கும்.

கிராபிக்ஸ் கார்டை ஜிபி பார்த்து வாங்குவது

கேமிங் பிசியில் பணத்தின் பெரிய பங்கு போக வேண்டிய இடம் இது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கே போனாலும் தப்பில்லை. ஆனால் ஜிபி கணக்கு மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் ஒரே பெயரில் வெவ்வேறு சரக்கு விற்பது இந்தத் தொழிலில் சகஜம்.

என்விடியா ஜிடி 1030-ஐப் பாருங்கள். ஜிடிடிஆர்5 மெமரியோடு ஒன்று, டிடிஆர்4 மெமரியோடு ஒன்று. இரண்டிலும் 2 ஜிபி, பெட்டியில் அதே பெயர். ஆனால் முதலாவதின் மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 17 ஜிபி கூட இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050-யிலும் இதே கதை. 8 ஜிபி கார்டில் 2560 கூடா கோர் (கணக்குப் போடும் சின்ன அலகு), 128 பிட் மெமரிப் பாதை. 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட். வித்தியாசம் 2 ஜிபி மட்டும்தான் என்று நினைத்து 6 ஜிபியை வாங்கினால் கார்டே ஒரு படி கீழே இருக்கும். அதற்காக அதை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. 70 வாட்ஸில் ஓடும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் தேவையில்லாத மாடல்கள் கிடைக்கும். ஆபீஸில் கழித்துவிட்ட பிராண்டட் பிசியில் செருக அது நல்ல கார்டு, புது பில்டுக்கு அல்ல. பழைய கார்டு தேடுகிறவர்கள் ஆர்எக்ஸ் 580-யில் '2048எஸ்பி' என்று சின்னதாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசல் 580-யில் 2304 ஷேடர் யூனிட் (ஏஎம்டி கார்டின் கணக்கு அலகு); 2048 என்பது 570-இன் கணக்கு.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று இருக்கிறது, நன்றாக விவரம் தெரிந்தவர்களே இதில் மாட்டுகிறார்கள். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 2022-இல் வந்தது. அது மதர்போர்டோடு பேசுவது நான்கே பிசிஐ லேன் (தகவல் ஓடும் தடம்) வழியாக. பிசிஐ 4.0 ஸ்லாட்டில் ஓரளவு சமாளிக்கும். 3.0 ஸ்லாட்டில் அந்தப் பாதை பாதியாகிவிடும். 4 ஜிபி மெமரி நிறைந்ததும் கேம் விட்டு விட்டு ஓடும். சரி, பட்ஜெட் பில்டில் எல்லாரும் போடும் போர்டு எது? ஏ520, பி450. இரண்டும் 3.0. கூட வரும் ரைசன் 5 5500, 5600ஜி இரண்டும் 3.0. அதாவது இந்தக் கார்டை வாங்கக்கூடியவர்களின் கைக்கு எந்த போர்டு வருமோ, அதில்தான் அது மோசமாக ஓடும். போதாததற்கு வீடியோவைச் சுருக்கித் தரும் என்கோடரும் இல்லை. ஸ்ட்ரீம் செய்ய நினைத்தால் எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். 8 ஜிபி மெமரியும் எட்டு லேனும் உள்ள ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டுக்கு, புதிதோ செகண்ட் ஹேண்டோ, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போவது என் கணக்கில் நல்லது. அதற்கான பணத்தை ஆர்ஜிபி ஃபேனிலிருந்தும் லிக்விட் கூலரிலிருந்தும் எடுங்கள். ரைசன் 5 5600 பாக்ஸோடு வரும் கூலரே அந்த பிராசஸருக்குப் போதும்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் எல்லாரும் மைனிங் கார்டு, அதாவது கிரிப்டோ நாணயம் எடுக்க ஓயாமல் ஓடியது, என்று பயப்படுகிறார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிய பிறகு அப்படிப்பட்ட கார்டுகள் குவியலாகச் சந்தைக்கு வந்தது உண்மைதான். ஆனால் மைனிங்கில் ஓடியதைவிட, ஃபேன் தேய்ந்திருக்கிறதா, யாராவது பிரித்து மாட்டியிருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். விற்பவர் முன்னிலையிலேயே ஜிபியு-இசட் திறந்து பெயரையும் ஷேடர் எண்ணிக்கையையும் பாருங்கள். பயாஸை (பாகத்துக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதிய போலிக் கார்டுகள் பலவற்றை அந்த மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஒரு கால் மணி நேரம் ஏதாவது கேமை ஓடவிட்டு வெப்பநிலையைப் பாருங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்: கேபினட்டோடு சும்மா வருவது

நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பேன் என்றால் அது இதில்தான். கேபினட் வாங்கினால் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்பார்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரிதாக 450 வாட்ஸ். அதே ஸ்டிக்கரில் சின்னதாக ஒரு அட்டவணை இருக்கும். அதில் +12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட்ஸ். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது கிட்டத்தட்ட முழுவதும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி வாட்ஸ் 3.3, 5 வோல்ட் லைன்களில் உங்களுக்குப் பயன்படாமல் கிடக்கும்.

இப்போது எதிர்ப்பக்கக் கணக்கு. ஆர்எக்ஸ் 6600 சுமார் 132 வாட்ஸ், ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட்ஸ். இரண்டும் சேர்ந்து 208. ஃபேன், மதர்போர்டு இன்னும் சேரவில்லை. கார்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு இதைவிட அதிகமாக இழுக்கும் தருணங்களும் உண்டு. பிரவுசிங் செய்யும்போது ஒன்றும் தெரியாது, படம் பார்க்கும்போதும் தெரியாது. கேமில் ஒரு பெரிய காட்சி வந்ததும் பிசி பொட்டென்று அணைந்து மறுபடி எழும். பலர் அதை விண்டோஸ் கோளாறு என்று நினைத்து ஃபார்மேட் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

80 பிளஸ் முத்திரை இருந்தால் போதுமா? அது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான அளவு. தரத்துக்கான உத்தரவாதம் இல்லை என்றாலும், அந்த முத்திரையே இல்லாததைக் கேமிங்குக்கு வாங்காதீர்கள். 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரம்), 12 வோல்ட்டிலேயே 450 அல்லது 500 வாட்ஸுக்கு அருகில் தருவது, ஐந்து வருட வாரண்டி: இந்த அளவில் ஒன்று எடுத்துவிட்டால் அடுத்த கார்டு மாற்றும்போதும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

மழை வந்தால் கரண்ட் போகிற ஊர் என்பதால் யுபிஎஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 600 விஏ என்று விற்கும் யுபிஎஸ் வழக்கமாக 360 வாட்ஸ்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் பிசியும் மானிட்டரும் சேர்ந்து அந்த எல்லைக்கு அருகில் நிற்கும். அப்படியே சேவ் செய்துவிட்டு மூட இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும் என்று நினைப்பவருக்கு அது சரி. ஆட்டத்தைத் தொடர நினைப்பவருக்கு அல்ல. வாடகை வீடுகளில் இன்னொன்றையும் பாருங்கள். ப்ளக் பாயிண்ட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். எலக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லி வீட்டு ஓனரிடம் பேசுங்கள்.

ரேமும் போர்டும்

ஒரு 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி நல்லது. இரண்டு இருந்தால் பிராசஸருக்கு மெமரியோடு இரண்டு வழி கிடைக்கிறது. 5600ஜி மாதிரி, கிராபிக்ஸும் இதே ரேமைப் பயன்படுத்தும் பிராசஸரில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். அடுத்தடுத்து செருகிக்கொடுத்த கடைகளைப் பார்த்திருக்கிறேன். மாட்டியபின் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யாவிட்டால், 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கலாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கண்டபடி ஏறியிருப்பதால், பழைய வீடியோவில் பார்த்த விலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

மதர்போர்டில் ஒரே கேள்வி: இந்த பிராசஸருக்கான பயாஸ் ஏற்கெனவே போட்டிருக்கிறதா? பி450 போர்டும் ரைசன் 5000 வரிசையும் பொருந்தும், ஆனால் பெட்டியில் பழைய பயாஸ் இருந்தால் பிசி எழாது. ஆன்லைனில் வாங்கியவர் இங்கே மாட்டிக்கொள்வார். கடையில் வாங்கினால் அவர்களையே அப்டேட் செய்து ஓட்டிக் காட்டச் சொல்லலாம். எஸ்.பி. ரோட்டுக்கு நேரில் போவதில் எனக்குப் பிடித்த லாபம் இதுதான். விலை பல நேரம் ஆன்லைனிலும் அதேதான்.

எஸ்எஸ்டி விஷயம் சின்னது. விண்டோஸை ஹார்ட் டிஸ்கில் போடாதீர்கள். போர்டில் நேராகச் செருகும் எம்.2 வடிவத்தில் வேகம் குறைந்த சாட்டாவும் உண்டு, வேகமான என்விஎம்இயும் உண்டு; போர்டு எதை ஏற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேமுக்கு மூன்றாம் தலைமுறை என்விஎம்இ தாராளம். 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் இருப்பதால், அதிவேக 500 ஜிபியைவிடச் சாதாரண 1 டிபி மேல்.

ஊரிலிருந்து பழைய மானிட்டரைக் கொண்டுவருகிறவர்கள், அதில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைய கார்டுகளில் அந்த போர்ட் இல்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் விண்டோஸ் செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுக்காமல் 60-லேயே மாதக்கணக்கில் ஆடுவதும், ஹெச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யல" என்று கடைக்கு போன் போடுவதும் அடிக்கடி நடக்கிறது.

பில், வெயில், பஸ்

"பில் வேணும்னா 18 பர்சென்ட் கூட ஆகும்" என்பது தெரிந்த பேச்சு. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பது சரி. ஆனால் பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். பில் இல்லாமல் மிச்சம் பிடிப்பது எஸ்எஸ்டி, கார்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றின் வாரண்டியையும் பணயம் வைத்துத்தான். பில்லில் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில்லாமல் 'ட்ரே' என்று தரும் பிராசஸர் விலை குறைவுதான். அதற்குக் கம்பெனியின் நேரடி வாரண்டி கிடைக்காது, கடைக்காரர் வாக்குதான் வாரண்டி.

கேபினட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி இருந்தால் காற்று எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். பெங்களூருவின் குளிர்ச்சியில் அந்தக் குறை வெளியே தெரியாது. அதே பெட்டியை மே மாதம் வேலூருக்கோ திருச்சிக்கோ எடுத்துப் போனால், அறையின் வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவும் கார்டின் வெப்பத்தில் கூடும். ஃபேன் அலறும், வேகம் இறங்கும். முன்பக்கம் வலை உள்ள சாதாரண கேபினட், இரண்டு ஃபேன், போதும்.

ஊருக்கு எடுத்துப் போகும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக வையுங்கள். கேபினட்டை பஸ் டிக்கியில் போட்டால், ஓசூர் தாண்டுவதற்குள் வரும் குலுக்கலில் கார்டின் எடை முழுவதும் அந்த ஒரு ஸ்லாட்டைத்தான் இழுக்கும். ஸ்லாட் உடைந்தால் அது ஃபிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது. காலிப் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் பரணில் வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.