கடலோர போர்வெல்லில் உப்பு ஏறுகிறதா? அளந்து கண்டுபிடிக்கும் முறை

தாழங்குடா, தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, வீராம்பட்டினம், நரம்பை என்று எந்தக் கரையோர ஊரில் கேட்டாலும் "முன்ன நல்ல தண்ணி, இப்ப உப்பு ஏறிடுச்சு" என்ற பேச்சு வரும். நாக்கு சொல்வது பொய்யில்லை, ஆனால் தாமதமாகச் சொல்கிறது. லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வந்த பிறகுதான் பலருக்கும் கரிப்பு தெரியும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருப்பதால், நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் ஐந்து லிட்டர் கடல்நீர் கலந்தாலே குடிநீருக்கான உச்ச வரம்பான 1,000 மில்லிகிராமை ஏறக்குறைய எட்டிவிடும். அதற்கு முன்பே பிடிக்க வேண்டுமானால் நீர்மட்டம், மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூடத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும்), குளோரைடு மூன்றையும் சேர்த்துப் பதிய வேண்டும். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு முடிவு சொல்ல முடியாது.

எந்தக் கிணறு, எந்த அடுக்கு

முதலில் கிணறுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடலூர், புதுச்சேரிக் கரையில் மேலே ஆற்று வண்டலும் கடற்கரை மணலும் இருக்கின்றன. கை பம்பும் பில்டர் பாயிண்டும் (மணலில் இறக்கும் ஆழமில்லாத குழாய்க் கிணறு) பெரும்பாலும் இதில்தான் நிற்கும். அதற்குக் கீழே களிமண் படலங்களோடு கடலூர் மணற்பாறை. கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில் செம்மண்ணாக வெளியே தெரிவது இந்தப் பாறைதான். மழை அங்கே இறங்கி, கிழக்கே சரிந்து, கரைக்கு அடியில் ஆழத்தில் அழுத்தத்தோடு நிற்கிறது. மேல் மணலில் உள்ள கிணற்றையும் ஆழ மணற்பாறையில் உள்ள போரையும் ஒரே வரைபடத்தில் சேர்த்துக் கோடு போட்டால் வரும் விடைக்கு அர்த்தமே இருக்காது. போர் போட்டவரிடம் கேசிங் (துளைக்குள் இறக்கும் காப்புக் குழாய்) எத்தனை அடி, பில்டர் பைப் (தண்ணீர் உள்ளே வரும் துளையிட்ட பகுதி) எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது தெரியாத போரைக் கண்காணிப்புக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

நீர்மட்டம்

போர்வெல்லில் கேசிங் வாயின் ஒரே இடத்தில் பெயின்டால் குறி வையுங்கள். எப்போதும் அந்தக் குறியிலிருந்துதான் அளக்க வேண்டும். குறி தரைக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதையும் பதிந்துவிடுங்கள். பீப் சத்தம் போடும் மின் நாடா இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் இரும்பு அளவு நாடாவின் கடைசி இரண்டு மீட்டரில் சுண்ணக்கட்டி தேய்த்து இறக்கி, நனைந்த கோட்டைப் படித்து, மேலே குறியில் நின்ற எண்ணிலிருந்து கழிக்கலாம். எப்போதும் இரண்டு முறை அளக்கவும். இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறை. கேசிங் சுவரில் தண்ணீர் வழிந்தால் மின் நாடா பாதியிலேயே பீப் போடும். சத்தம் சன்னமாக, விட்டு விட்டு வந்தால் அது நீர்மட்டம் அல்ல.

சப்மர்சிபிள் இருக்கும் போரில் நாடாவின் எடை கேபிளில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும். இழுத்தால் கேபிள் உறை கிழியும். அடுத்த முறை மோட்டாரை ஏற்றி இறக்கும்போது டெலிவரி பைப்போடு ஒரு அங்குல பிவிசி பைப்பையும் கட்டி இறக்கிவிட்டால், பிறகு அதற்குள்ளேயே நாடாவை விடலாம். பைப்பின் அடி முனையில் சின்னத் துளைகள் வேண்டும். அடைத்துவிட்டால் உள்ளே பழைய மட்டம்தான் நிற்கும்.

பிவிசி இறக்க இடமில்லையா? ஆறு மில்லிமீட்டர் நைலான் டியூப்பை நீளம் துல்லியமாக அளந்து, டெலிவரி பைப்பில் மூன்று மீட்டருக்கு ஒரு கட்டாகக் கட்டி இறக்குங்கள். மேலே அழுத்தமானியும் சைக்கிள் பம்ப் வாயும் பொருத்தி, முள் இனி ஏறாது என்ற நிலை வரும்வரை காற்றடிக்கவும். ஒரு கிலோ அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு) பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமம். டியூப் 60 மீட்டர், முள் 2.4 கிலோ காட்டினால், 60 கழித்தல் 24: நீர்மட்டம் 36 மீட்டரில். அடிப்பதை நிறுத்தியதும் முள் இறங்கினால் டியூப்பில் ஓட்டை. மோட்டார் ஓடும்போது மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க இது போதும். கடல்மட்டத்தோடு ஒப்பிடும் கணக்குக்கு இதன் துல்லியம் போதாது.

மட்டம் எப்போது அளக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மும்முனை மின்சாரம் வந்தவுடன் சுற்றுவட்டார மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். உங்கள் மோட்டார் நின்றிருந்தாலும் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் உங்கள் மட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும். மும்முனை நின்று பல மணி நேரம் கழித்து, அடுத்த முறை வருவதற்குச் சற்று முன் அளப்பதே சரி. மோட்டார் நிறுத்திய நேரத்தையும் எழுதுங்கள். கரைக்கு மிக அருகில் உள்ள கிணறுகளில் கடல் ஏற்ற வற்றத்தோடு மட்டமும் ஏறி இறங்கும். ஒரு சுற்று ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். ஒரே ஒரு நாள் மணிக்கொருமுறை முழுச் சுற்றும் அளந்து, எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு எந்த நேரத்து அளவையும் அதை வைத்துத் திருத்தலாம்.

கடல்மட்டத்தோடு கோர்ப்பது

தரையிலிருந்து 6 மீட்டர் கீழே தண்ணீர் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கேசிங் குறி கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று தெரிய வேண்டும். போன் ஜிபிஎஸ் உயரத்தை நம்பக் கூடாது. சில செயலிகள் கடற்கரையில் நின்றாலும் எண்பது, தொண்ணூறு மீட்டர் மைனஸில் காட்டும். அவை பூமியின் கணித வடிவத்திலிருந்து அளக்கின்றன, கடல்மட்டத்திலிருந்து அல்ல. ரயில் நிலைய மஞ்சள் பலகையில் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும், தோராயமாகச் சரிபார்க்க அது உதவும். சரியான வழி, சர்வே ஆஃப் இந்தியாவின் மட்டக் குறியிலிருந்து ஆட்டோ லெவல் வைத்து ஒரு சர்வேயரை அளக்கச் சொல்வது. அருகருகே உள்ள கிணறுகளுக்கிடையே மட்டும் என்றால் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பே போதும். டியூப்பில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் அளவு கெட்டுவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, அதன் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று வைத்தால், நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருக்கும் இடத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும். அந்த ஒரு மீட்டரில் அரை மீட்டர் போய்விட்டால் கீழே இருபது மீட்டர் போகிறது, உடனே அல்ல, காலப்போக்கில். மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் இந்தக் கணக்கே செல்லாது. கடல் உள்ளே வரத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஒரே அடுக்கில் மூன்று கிணறுகள் கிடைத்தால் தண்ணீர் ஓடும் திசையையே வரைந்துவிடலாம். கடலோரக் கிணற்றில் மட்டம் 0.3 மீட்டர், தெற்கே ஒன்றில் மைனஸ் 0.2, உள்ளே மேற்கில் மைனஸ் 1.1 என்று வைத்துக்கொள்வோம். கடலோரத்துக்கும் மேற்குக்கும் 1,400 மீட்டர் தூரம், மட்ட வேறுபாடு 1.4 மீட்டர். அந்தக் கோட்டில் கடலோரத்திலிருந்து 500 மீட்டரில் மட்டம் மைனஸ் 0.2 ஆக இருக்கும். அந்தப் புள்ளியையும் தெற்குக் கிணற்றையும் கோடிட்டு இணைத்து, அதற்குச் செங்குத்தாக மேற்குக் கிணற்றின் பக்கம் அம்பு போடுங்கள். அம்பு கடலிலிருந்து நிலத்துக்குப் போகிறது. ஏற்கெனவே உப்பேறிய போரில் மட்டம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்த 30 மீட்டர் நீர்த்தம்பம் சுமார் 15 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கும்.

மாதிரி எடுப்பது

குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீர் கேசிங்கில் தேங்கிய பழைய தண்ணீர். ஆறரை அங்குல போரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 21 லிட்டர் நிற்கும். 60 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 1,280 லிட்டர். அதன் மூன்று மடங்கை வெளியேற்றிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். விநாடிக்கு ஒன்றரை லிட்டர் தரும் மோட்டாருக்கு இது முக்கால் மணி நேர வேலை. விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை 100 லிட்டர் டிரம்மும் போன் ஸ்டாப்வாட்சும் வைத்து அளந்துகொள்ளலாம். மாதிரியை டேங்க் குழாயில் பிடிக்காமல் டெலிவரி பைப்பிலேயே பிடியுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்றிடம் விடாமல் வழிய நிரப்பி மூடவும்.

மின்கடத்துதிறன் மீட்டரை, அதாவது இ.சி. மீட்டரை, ஒவ்வொரு முறையும் 1,413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் சரிபார்க்கவும். கரைசலை வாங்கலாம், அல்லது உலர்ந்த பொட்டாசியம் குளோரைடு 0.746 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கலாம். வெப்பநிலைத் திருத்தம் இல்லாத மலிவு மீட்டரில் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் பிசகும். மே மாத மதியத்தில் வெயிலில் வைத்த பாட்டிலை அளந்தால் "உப்பு ஏறிவிட்டது" என்றுதான் காட்டும். டி.டி.எஸ். பேனா (கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் கருவி) தனியாக எதையும் அளப்பதில்லை, இ.சி.யை 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே இ.சி.யையே எழுதுங்கள்.

மோட்டார் போட்ட 5, 30, 60, 120 நிமிடங்களில் இ.சி.யைத் தனித்தனியே குறித்து வைத்தால் போரின் உடம்பில் எங்கே நோய் என்று தெரியும். ஓட ஓட ஏறினால் உப்பு கீழிருந்து மேலே இழுக்கப்படுகிறது. முதலில் அதிகமாகி, பிறகு குறைந்து நிலைத்தால் மேல் மணலின் உப்புத் தண்ணீர் துருப்பிடித்த கேசிங் வழியாகவோ இணைப்பு வழியாகவோ கசிந்து தேங்கியிருக்கிறது. முன்னதற்கு இறைப்பைக் குறைக்க வேண்டும், பின்னதற்குக் கேசிங்கைப் பார்க்க வேண்டும்.

குளோரைடும் மற்றவையும்

குளோரைடைப் பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். 50 மில்லி மாதிரியில் ஒரு மில்லி பொட்டாசியம் குரோமேட் விட்டு, 0.0141 நார்மல் செறிவுள்ள சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். மஞ்சள் நிறம் செங்கல் சாயலுக்குத் திரும்பி அப்படியே நின்றால் நிறுத்திவிடுங்கள். ஒரு மில்லி சில்வர் நைட்ரேட் 0.5 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். மாதிரிக்கு 12.4 மில்லி, ஒப்பீட்டுக்கு இதே போல் பார்த்த காய்ச்சி வடித்த நீருக்கு 0.2 மில்லி செலவானால், 12.2 பெருக்கல் 0.5, அதாவது 6.1 மில்லிகிராம், 50 மில்லிக்கு. லிட்டருக்கு 122. இருபது மில்லிக்கு மேல் செலவானால் மாதிரியை நீர்த்துத் திரும்பச் செய்யவும். குரோமேட் நச்சு, கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சோடியம், கால்சியம், நைட்ரேட் ஆகியவற்றைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் போன்ற இடங்களில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

எண்கள் வந்ததும் கடலின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். நைட்ரேட்டும் 45 மில்லிகிராமைத் தாண்டி, மட்டம் நல்ல உயரத்தில் இருந்தால் செப்டிக் டேங்கையோ உரத்தையோ சந்தேகிக்கவும். உப்பனாற்றை ஒட்டிய ஆழமில்லாத கிணறுகளில் மட்டும் ஏறினால் காரணம் பெரும்பாலும் அந்தக் கழிமுகமோ பக்கத்து இறால் குட்டையோதான். ஏற்றத்திலும் வற்றத்திலும் ஆற்றுநீரின் இ.சி.யையும் அளந்து வையுங்கள். ஆழ போரில் பல ஆண்டுகளாக மாறாமல் அதிகமாகவே இருக்கும் உப்பு, களிமண்ணில் பழங்காலத்திலிருந்தே சிக்கியது.

புதிதாக வரும் கடல்நீருக்கு ஓர் அடையாளம் உண்டு. வழியில் உள்ள களிமண் அதன் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடுகிறது. அதனால் கரிப்பு தெரியும் முன்பே கடினத்தன்மை ஏறும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கணக்கில் பார்க்க, சோடியத்தை 23 ஆலும் குளோரைடை 35.5 ஆலும் வகுத்து விகிதம் எடுங்கள். கடல்நீரில் அது 0.86. சோடியம் 310, குளோரைடு 640 என்றால் 13.5 வகுத்தல் 18.0, அதாவது 0.75. விகிதம் 0.86க்குக் கீழே, குளோரைடு ஆண்டுக்காண்டு மேலே, மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே: மூன்றும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

குறைந்தது மே, ஜனவரி இரண்டு முறை அளக்கவும். ஒன்று கோடையின் அடிமட்டம், மற்றது வடகிழக்குப் பருவமழை முடிந்த உச்சம். மாதாமாதம் என்றால் இன்னும் நல்லது. ஜனவரியை ஜனவரியோடும் மேயை மேயோடும்தான் ஒப்பிட வேண்டும்.

உப்பு உறுதியானால்

மோட்டாரை மேலே ஏற்றுங்கள், ஒரே மூச்சாக ஆறு மணி நேரம் ஓட்டாமல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். இந்தக் கரையில் நடக்கும் மிகப் பெரிய தவறு, உப்பு வந்ததும் "இன்னும் அம்பது அடி இறக்கிடலாம்" என்பது. ஒரே மணல் அடுக்கில் கீழே போனால் உப்புக்கு இன்னும் பக்கத்தில்தான் போகிறோம். களிமண்ணுக்குக் கீழே மணற்பாறையில் நல்ல தண்ணீர் இருக்கும் இடங்களில் ஆழமாக்கலாம், ஆனால் கேசிங்குக்கும் துளைக்கும் இடைப்பட்ட வெளியைச் சரளைக் கல் போட்டு மேலே வரை நிரப்பிவிட்டால் மேல் உப்பு அதன் வழியே நேராகக் கீழ் அடுக்கில் இறங்கும், ஊரில் மற்றவர்கள் போரும் சேர்ந்து கெடும். பில்டருக்கு மேலே களிமண் வரும் ஆழத்திலிருந்து தரை வரை சிமென்ட் பால் ஊற்ற வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் கலந்து, சின்ன பைப்பை அடிவரை இறக்கி, அங்கிருந்து மேல்நோக்கி நிரப்பவும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் தண்ணீர்ப் பைகள் நின்றுவிடும். மூன்று நாள் ஆறவிட்டு மோட்டார் போட்டு, ஐந்தாவது நிமிட இ.சி.யும் இரண்டு மணி நேர இ.சி.யும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அடைப்பு பிடிக்கவில்லை.