பேய்ப்படம் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது: வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

சித்திரை விடுமுறைக்கு உறவினர் வந்து நிறையும் திருகோணமலை வீடுகளில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் இளையவர் யாராவது பேய்ப்படம் ஒன்று போடலாம் என்பார். அடுத்த நிமிடமே வீடு பிரியத் தொடங்கும். சிலர் பாயை இழுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் வருவார்கள். சிலர் தலையிடி என்றோ, காலையில் கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றோ சொல்லி அறைக்குள் போய்விடுவார்கள். போகவும் மனமில்லாமல், தலையணையால் முகத்தை மறைத்து விரலிடுக்கு வழியாகப் பார்ப்பவர்களும் இருப்பார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு அந்த இரவை மனக்கசப்பின்றி நடத்துவது எப்படி என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நான் ஒருமுறை அதைச் சரியாகக் கெடுத்தவன் என்பதால் எழுதும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டு.

முதல் வேலையாக, "பயந்தாங்கொள்ளி" என்ற சொல்லை அன்றிரவு வீட்டு வாசலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். "நெஞ்சில் ஈரமில்லாதது" என்று அறைக்குள்ளிருந்து வரும் பதில் வசையையும் அதனுடனேயே அனுப்பிவிடலாம். திரையில் ஒரு கதவு திடீரென்று அறைந்து சாத்தப்படும்போது, படத்தை விரும்புபவரின் உடலிலும் வெறுப்பவரின் உடலிலும் நடப்பது பெரும்பாலும் ஒன்றே. மூளையின் உட்பகுதியில் ஒரு வாதுமைப் பருப்பளவில் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று அறிவிக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அரிய நோயொன்றால் இருபக்க அமிக்டலாவும் சிதைந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்ணை ஆய்வாளர்கள் பாம்புகள் விற்கும் கடைக்கும் பேய்வீட்டுக் கண்காட்சிக்கும் அழைத்துச் சென்று பார்த்தபோது, அவர் எங்கும் அஞ்சவில்லை. அவரைப் போன்ற மிகச் சிலரைத் தவிர நாம் எல்லோரும் திடுக்கிடத்தான் செய்கிறோம். திடுக்கிட்ட பின் அந்த உணர்வை மனம் என்னவென்று எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருகிறது.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் சாப்பாட்டு மேசையே போதும். கட்டைச் சம்பல் நாவில் பட்டதும் கண்ணில் நீர் முட்டுகிறது, ஏனெனில் மிளகாயிலுள்ள கெப்சைசின் சூட்டை உணரும் அதே நரம்புகளைத் தூண்டுகிறது. எதுவும் சுடாதபோதும் சுடுகிறது என்றே நாக்கு மூளைக்குச் சொல்கிறது. மிளகாய் மீதான விருப்பத்தை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் போல் ரோசின், உடல் எச்சரிக்கும்போதே மனம் ஆபத்தில்லை என்று அறிந்திருப்பதில்தான் இந்த இன்பம் பிறக்கிறது என்றார். பேய்ப்படத்துக்கும் இதே விளக்கம் பொருந்துகிறது, ஆனால் ஒரு நிபந்தனையுடன்: ஆபத்தில்லை என்று மனம் உண்மையாகவே நம்ப வேண்டும். ஒழுங்கை முனையிலுள்ள புளியமரத்தில் முனி இருக்கிறது என்று ஐயமின்றி நம்பும் ஒருவருக்குப் பேய்ப்படம் கற்பனையே அல்ல. அது அடுத்த வீட்டுச் செய்தி. அவரிடம் "இது சும்மா படம்தானே" என்று சொல்வதால் பயன் எதுவும் இல்லை.

இயல்பும் இதில் பங்கு கொள்கிறது. மார்வின் சக்கர்மன் என்ற உளவியலாளர் 1964இல், புதிய, தீவிரமான அனுபவங்களைத் தேடும் குணம் ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வினாத்தாளொன்றை உருவாக்கினார். அந்தக் குணம் மிகுந்தவர்கள் அச்சப் படங்களைக் கூடுதலாக விரும்புகிறார்கள் என்பது பின்வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் இயல்பு மிகுந்தவர்களோ, திரையில் ஒருவர் வதைபடுவதைப் பார்த்து மகிழ்வது குறைவு. ஆகவே அறைக்குள் போய்விட்ட உங்கள் மாமி கோழையாக இருக்க வேண்டியதில்லை. திரையிலிருக்கும் பிள்ளையின் வலி அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வலித்திருக்கலாம்.

எந்த அச்சம் என்று பிரித்துப் பாருங்கள்

"எனக்குப் பேய்ப்படம் பிடிக்காது" என்பவரிடம் அடுத்து கேட்க வேண்டியது, எதைக் கண்டு அஞ்சுகிறீர்கள் என்பதாகும். இதற்கான பட்டியலைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்பதில் பேய், பூதம் முதலிய மனிதரை மீறிய ஆற்றல்கள் எல்லாம் அடங்கும். இறை என்பது அரசன் முதலாக நம்மை ஆள்பவர்களைக் குறிக்கும்.

இன்றைய அச்சப் படங்களை இந்த நான்கு பெட்டிகளில் போட்டுப் பார்த்தால் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகின்றன. ஆவி புகுந்த வீடு அணங்கு. சுறாவும் முதலையும் விலங்கு. இரவில் முகமூடியுடன் வீட்டுக்குள் நுழையும் கொலைகாரன் கள்வர். மனிதரைச் சத்தமின்றித் தூக்கிச் செல்லும் ஆட்சியைக் காட்டும் படங்கள் இறை. ஆவியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும் ஒருவர், கள்வர் படத்தின் முதற் பத்து நிமிடத்திலேயே எழுந்து போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே படம் தெரிவு செய்யும் முன் ஒவ்வொருவரிடமும் இந்த நான்கில் எது வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அருவருப்பை மட்டும் ஐந்தாவதாக நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் அதை இளிவரல் என்று தனி மெய்ப்பாடாக வைத்திருக்கிறது, அதுவும் சரியே, ஏனெனில் இரத்தமும் குடலும் காட்டும் படத்தை வெறுப்பவர் அஞ்சி வெறுப்பதில்லை, குமட்டி வெறுக்கிறார்.

எங்கள் ஊருக்கென்று ஒரு குறிப்பு

இந்தப் பகுதியை வேறு ஊரில் இருந்து எழுதியிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். இங்கு முடியாது. 1983 முதல் 2009 வரை நீண்ட போரின் ஏதோ ஒரு பகுதியையேனும் நேரில் கண்டவர்கள் இவ்வூரில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்ததைக் கண்டவர்கள் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் மட்டுமன்றி, பின்னர் அங்கிருந்து நகருக்குள் குடிவந்த குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுச்சாமத்தில் கதவு தட்டப்படும் ஓசை திரைக்கதை உத்தி அல்ல. பேரலை எழும் காட்சியும் கணினி வரைந்த சித்திரமாகத் தெரிவதில்லை. நான் மேலே சொன்ன நிபந்தனை, அதாவது ஆபத்தில்லை என்ற நம்பிக்கை, அவர்களிடம் அந்தக் காட்சி வந்த கணமே உடைந்துவிடுகிறது. மனம் அறிந்ததை உடல் நம்ப மறுக்கிறது.

என் அம்மம்மா ஆவிப் படங்களை வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருப்பார். பேயின் ஒப்பனையில் குறை கண்டுபிடிப்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் திரையில் வெடியோசை கேட்டால், நகைச்சுவைப் படமாக இருந்தாலும், எழுந்து குசினிக்குப் போய்விடுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவ்வாறு எழுந்து போகும் ஒருவரைத் திரும்ப அழைக்காதீர்கள். காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். படம் பார்த்த பின் பழைய நினைவுகள் திரும்பத் திரும்ப வந்து, உறக்கமும் அன்றாட வேலையும் வாரக்கணக்கில் பாதிக்கப்பட்டால், அது மருத்துவரிடமோ உளவளத் துணையாளரிடமோ பேச வேண்டிய விடயமாகும்.

அளவை எப்படிக் கூட்டுவது, குறைப்பது

டென்மார்க்கின் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்கு அச்சத்தை மட்டுமே ஆராயும் குழுவொன்று இருக்கிறது. 2020இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வொன்றில், பேய்வீட்டுக் கண்காட்சி ஒன்றுக்குள் நுழைந்த 110 பேரின் உடலில் இதயத் துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். அச்சம் ஏற ஏற ஓர் அளவு வரை இன்பமும் ஏறியது. அந்த அளவைத் தாண்டியதும் இன்பம் இறங்கியது. சம்பலுக்கு மிளகாய் இடுவது போலத்தான் இதுவும், அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அதே குழுவின் முந்தைய ஆய்வொன்று, சிலர் அச்சத்தை இயன்றவரை கூட்ட முயல்வதையும், வேறு சிலர் பல்லைக் கடித்து அதைக் குறைக்க முயல்வதையும், இருசாராரும் ஒரே அளவு திருப்தியுடன் வெளியே வருவதையும் காட்டியது. விரலிடுக்கால் பார்ப்பவரைக் கேலி செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அவர் தன் அளவைத் தானே சரிசெய்துகொண்டிருக்கிறார்.

அளவைக் குறைக்க விரும்புபவர் முதலில் கை வைக்க வேண்டியது ஒலியில். திடீர் ஓசைக்குத் திடுக்கிடுவது சிந்தனைக்கு முன் நிகழும் அனிச்சைச் செயல். படமெடுப்பவர்கள் சில நொடி அமைதிக்குப் பின் பேரொலியை வைப்பது அதற்காகத்தான். ஒலியைப் பாதியாகக் குறைத்து, திரையின் அடியில் ஓடும் வசன வரிகளுடன் பார்த்தால் மிகக் கொடிய படமும் பல்லுப் பிடுங்கிய பாம்பாகிவிடும். அடுத்து வெளிச்சம்: விறாந்தை விளக்கையாவது எரியவிடுங்கள். பெரிய திரையைவிடச் சிறிய திரை எளிது. இரவைவிடப் பகல் எளிது. ரிமோட்டை மிகவும் அஞ்சுபவரின் கையில் கொடுத்து, எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் அனுமதி கொடுங்கள். பெரும்பாலும் அவர் ஒருமுறைகூட நிறுத்தமாட்டார். நிறுத்தலாம் என்பதே அவருக்குப் போதுமானதாக இருக்கும். கூட்ட விரும்புபவருக்கு இவை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தால் போதும். கடற்கரை வீடாக இருந்து யன்னலும் திறந்திருந்தால் காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

நான் கெடுத்த இரவு இதுதான். உவர்மலையில் அண்ணன் வீட்டில், பெரியவர்களுக்கு எனப் போட்ட படத்தை, ஆறு வயதான அவருடைய மகள் என் மடியில் இருந்தபடி பார்த்தாள். "தூங்கிவிடுவாள்" என்று நான்தான் சொன்னேன். அவள் தூங்கவில்லை, அழவும் இல்லை, ஆகவே பயப்படவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த மூன்று மாதங்கள் அவள் தனியே மலசலகூடத்துக்குப் போகவில்லை. கையில் நூல் கட்டுவித்தார்கள்; நூல் அறுந்து விழும்வரை நான் அண்ணியின் முகத்தை நேரே பார்க்கவில்லை.

பின்னர்தான் வாசித்து அறிந்தேன்: ஏழு, எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தோற்றத்தைக் கண்டே அஞ்சுகிறார்கள், "இது உண்மையில்லை" என்ற விளக்கம் அந்த வயதில் அதிகம் எடுபடுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது மடியும், அணைப்பும், வேறு விளையாட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் படம் இல்லாத ஓர் அறையும். அதற்கு மேற்பட்ட வயதினரோ நடக்கக்கூடியவற்றுக்கு, அதாவது கடத்தலுக்கும் விபத்துக்கும் நோய்க்கும், கூடுதலாக அஞ்சுகிறார்கள். அவர்களிடம் பேசி விளக்கலாம். 1999இல் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே ஹரிசன், கேன்டர் என்ற இருவர் நடத்திய ஆய்வில், சிறுவயதில் ஏதோவொரு படமோ நிகழ்ச்சியோ தம்மை நெடுநேரம் அச்சுறுத்தியது என்று ஏறத்தாழ 90 வீதத்தினர் கூறினார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கினரிடம் அந்த அச்சத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது. இணையத் தளங்களில் படத்துக்கு முன்னால் வரும் வயதுக் குறியீட்டை, மடியில் பிள்ளை இருக்கும்போதாவது, நிமிர்ந்து பாருங்கள்.

படம் முடிந்த பின்

விளக்கைப் போட்டவுடன் எல்லோரையும் படுக்கைக்கு அனுப்பாதீர்கள். உடலில் ஏறிய கிளர்ச்சி மெதுவாகத்தான் இறங்கும். டோல்ப் சில்மன் என்ற ஆய்வாளர் கூறியது போல, எஞ்சியிருக்கும் அந்தக் கிளர்ச்சி அடுத்து வரும் உணர்வுடன் சேர்ந்து அதைப் பெரிதாக்குகிறது. அடுத்து வருவது சிரிப்பாக இருந்தால் சிரிப்பு பெரிதாகும், இருட்டறையாக இருந்தால் இருட்டு பெரிதாகும். அரை மணி நேரம் விறாந்தையில் இருந்து, பேயின் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்பது போன்ற வீண்பேச்சுப் பேசுங்கள். அரை மணி நேரம் போதாத வீடுகளும் உண்டு. அங்கே எல்லோருக்கும் சூடான பால் ஊற்றிக் கொடுக்கலாம்.

2021இல் வெளியான ஓர் ஆய்வு, அச்சப் பட விரும்பிகள் கொரோனாத் தொற்றுக் காலத்தில் மற்றவர்களைவிடக் குறைவான மன உளைச்சலையே தெரிவித்தார்கள் என்று காட்டியது. இதைச் சாக்காக வைத்து விரும்பாதவர்களைத் திரைக்கு முன்னால் இருத்தப் பார்ப்பார்கள். இடம் கொடுக்க வேண்டாம். படம் அவர்களை உறுதியாக்கியதா, உறுதியானவர்கள் படத்தைத் தேடிப் போனார்களா என்பதை அத்தகைய ஆய்வு தீர்த்து வைப்பதில்லை.

அறைக்குள் போய்விட்டவர்களுக்கும் ஒரு பங்கு வைத்திருங்கள். எங்கள் மாமி ஒருவர் எந்தப் பேய்ப்படத்தையும் இருந்து பார்த்தவரல்லர், ஆனால் மறுநாள் காலை, வெயில் முற்றத்துக்கு இறங்கிய பின், திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டே, "அந்தப் பிள்ளை கடைசியிலை தப்பினதோ?" என்று கேட்பார். அப்போது முதலிலிருந்து முழுக்கதையையும் அவருக்குச் சொல்ல வேண்டும், பேய் வரும் இடங்களைச் சற்றுக் கூட்டியே சொல்லலாம். அவர் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.