வடசென்னையிலிருந்து முதல் டிரையத்லான்: முதலில் தண்ணீர், பிறகுதான் சைக்கிள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிறுத்தாமல் வரிசையாக முடிப்பதுதான் டிரையத்லான். ஈர உடம்போடு ஹெல்மெட் மாட்டும் நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். முதல் தடவைக்கு ஸ்பிரின்ட் தூரம் போதும்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதற்கு இரட்டிப்பு. அதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கு ஸ்பிரின்ட் முடிய ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை பிடிக்கும்.

புதிதாக வருகிறவர்கள் காசையெல்லாம் சைக்கிளில் கொட்டுவார்கள், நேரத்தையெல்லாம் ஓட்டத்தில் கொட்டுவார்கள். கவிழ்வது தண்ணீரில். வியாசர்பாடியில் பந்து ஆடிய காலுக்கும், ராயபுரத்தில் குத்துச்சண்டை பழகிய நெஞ்சுக்கும் 5 கி.மீ. ஓட்டம் பெரிய விஷயமே இல்லை. அதே ஆள் நீச்சல் குளத்தில் 50 மீட்டர் தாண்டுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். நெஞ்சில் பலம் இல்லாமல் அல்ல, மூச்சை வெளியே விடத் தெரியாமல்.

கடற்கரையிலேயே வளர்ந்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. தலையைத் தூக்கி நீந்தும் பழக்கம் அலையைப் பார்க்க உதவும். ஆனால் தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். உடம்பு சாய்ந்து, தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். 750 மீட்டருக்கு அப்படிப் போனால் கழுத்தும் கீழ் முதுகும் கழன்றுவிடும்.

குளத்தில் பழகுங்கள், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையான கடலில் வேண்டாம். கடலோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகம் தடுத்துவிட்டதால் மெரினா அகன்றது, இந்தப் பக்கம் கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல்லும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவும் போட்டார்கள். அலை உங்களைத் தூக்கி அந்தக் கல்லில்தான் அடிக்கும். வளைவுகளை ஒட்டி உள்ளே இழுக்கும் நீரோட்டமும் இருக்கும். முகத்துவாரத்தில் சாம்பலும் ஆலைக் கழிவும். மாநகராட்சிக் குளம் என்றால் மை லேடீஸ் பூங்கா, மெரினா இரண்டும் பஸ்ஸில் போகும் தூரம். கூட்டம் குறைந்த பேட்ச் எது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

ஓரளவு நீந்தத் தெரிந்தவருக்கு 12 வாரம் போதும். 25 மீட்டர்கூட வராது என்றால் முன்னால் 8 வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதெல்லாம் மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்து வைத்தால் கரியமில வாயு சேர்ந்து நெஞ்சு அடைக்கும். தலையைத் திருப்பும் அந்த அரை நொடியில் விடவும் இழுக்கவும் நேரம் போதாது. பதற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. காலையும் அளவாக உதையுங்கள். தொடைத் தசை பெரியது, ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். அந்தக் கால் பிறகு சைக்கிளுக்கு வேண்டும்.

அடுத்து, 25 மீட்டரை 12 தடவை, நடுவில் 20 முதல் 30 நொடி ஓய்வு. அது சுலபமானதும் 50 மீட்டர் 8 தடவை, 100 மீட்டர் 5 தடவை, 250 மீட்டர் 3 தடவை என்று ஏறுங்கள். எட்டாவது வாரக் கடைசியில் 750ஐ நிற்காமல் முடிக்க வேண்டும். எண்ணிக்கையில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 25 மீட்டர் குளத்தில் 750 என்பது 30 நீளம்; போய் வருவதை ஒரு ரவுண்டாக எண்ணினால் 15. 15 நீளத்தை முடித்துவிட்டு "ஆச்சு" என்று கரையேறினால் பாதிதான் ஆகியிருக்கும்.

முதல் போட்டியை முடிந்தால் குள நீச்சல் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். திறந்த நீர் என்றால், 8 கைவீச்சுக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் வெளியே எடுத்து மிதவையைப் பார்த்து, உடனே பக்கவாட்டில் மூச்சு வாங்கப் பழக வேண்டும். கயாக் (சின்னத் துடுப்புப் படகு) துணையோடு நடக்கும் பயிற்சியில் இரண்டு தடவையாவது இறங்காமல் போட்டிக்குப் பேர் கொடுக்காதீர்கள். தொடக்கத்தில் கூட்டத்தின் பின்னால், ஓரமாக நில்லுங்கள். 10 நொடி போகும், ஆனால் முகத்தில் உதை விழாது. வெட்சூட் (உடம்பை ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) வாங்க வேண்டாம். அமெச்சூர்களுக்கு 1500 மீட்டர் வரையான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் அதற்கு அனுமதி கிடையாது. நம் கடல் எப்போதும் அதைவிடச் சூடு.

டிரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதுதான் நடக்கின்றன. 40 தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர், வேகமாக நடந்தாலே நெஞ்சு இறுகுபவர், பயிற்சி தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

சைக்கிளுக்குப் புதிதாகச் செலவு வேண்டாம். பிரேக் சரியாகப் பிடிக்கிற கியர் சைக்கிள் எதுவும் சரி. இல்லையென்றால் பாரிமுனை போய் ரத்தன் பஜாரில் பாருங்கள். பட்டன் வைத்த எம்டிபி (மலைச் சைக்கிள்) டயரைக் கழற்றி வழவழப்பான டயர் போட்டாலே வேகத்தில் வித்தியாசம் தெரியும். 32 மி.மீ. டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு, 60 முதல் 70 பிஎஸ்ஐ காற்று. சீட் உயரத்துக்கு ஒரு சோதனை: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். உயரமாக இருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும்.

நம் ரோட்டில் பஞ்சருக்கு ஆணியைவிடப் பெரிய காரணம் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய எஃகுக் கம்பி. முடி மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டியூப் மாற்றும் முன் ஒரு துணியை டயரின் உள்பக்கம் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். கம்பி இருந்தால் துணி மாட்டும். பார்க்காமல் போட்டால் புது டியூபும் 2 கி.மீ.யில் போய்விடும். உங்களுடையது ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் பஞ்சர் கடைப் பம்பு சேராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி, மாதவரம் பக்கமும் கன்டெய்னர் லாரிக்கு இரவு பகல் கிடையாது. டிரெய்லரின் இடது பக்கமாக முந்தவே முந்தாதீர்கள். டிரைவர் கேபினுக்கு இடப்புறமும் நேர் முன்னாலும் அவர் கண்ணில் நீங்கள் படமாட்டீர்கள். இடது பக்கம் திரும்பும்போது முன்பகுதி தள்ளிப் போகும், பின் சக்கரங்கள் ஓரத்தை அறுத்துக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் இருக்கும் சைக்கிள்காரருக்குத் தப்பிக்க வழியே இல்லை. நின்றிருக்கும் லாரி வரிசையை ஒட்டியும் ஓட்டாதீர்கள், கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஞாயிறு விடிந்ததும் இரண்டு மூன்று பேராக மீஞ்சூரில் முடியும் வெளிவட்டச் சாலைப் பக்கம் போகலாம். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம், கண்ணுக்குக் கண்ணாடியும். வாரநாளில் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்ட்) 40 நிமிடம் மிதிப்பது இந்த ரோட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சமம். போகிப் பண்டிகை காலையிலும், மணலி பக்கமிருந்து நெடி அடிக்கும் நாளிலும் வெளியே ஓடுவதால் நுரையீரலுக்கு நஷ்டம்தான்.

வாரக் கணக்கு: நீச்சல் 3, சைக்கிள் 2, ஓட்டம் 2, ஒரு நாள் முழு ஓய்வு. ஆக, ஏதாவது ஒரு நாளில் இரண்டு பயிற்சி வரும். ஐந்தாவது வாரத்திலிருந்து ஞாயிறு சைக்கிளை முடித்த உடனே ஷூ மாற்றி ஓடுங்கள். முதலில் 10 நிமிடம், பிறகு 20. சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் மரக்கட்டையாக இருக்கும், உடம்பு உட்கார்ந்து மிதித்த தாளத்திலேயே இருப்பதால். இரண்டு மூன்று ஞாயிறு பழகினால் அந்த மரப்பு சீக்கிரம் தெளியும். போட்டியில் சைக்கிளின் கடைசி 5 நிமிடம் கியரை லேசாக்கி நிமிடத்துக்கு 85 முதல் 90 சுற்று மிதியுங்கள். வலது முட்டியை 15 நொடி எண்ணினால் 22 வர வேண்டும்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தில் நேரத்தைவிட விதிதான் முக்கியம். ஹெல்மெட் கொக்கியைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வந்து ஸ்டாண்டில் மாட்டிய பிறகே அவிழ்க்க வேண்டும். ஏறும் கோட்டுக்கு முன்னால் ஏறக் கூடாது, இறங்கும் கோட்டைத் தாண்டி இறங்கக் கூடாது. நம்பர் சைக்கிளில் முதுகுப் பக்கம், ஓட்டத்தில் வயிற்றுப் பக்கம். எலாஸ்டிக் பெல்ட்டில் மாட்டினால் சுற்றிவிட்டால் போதும். ஹெட்போன் கூடாது. பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஓட்டுவதும் குற்றம். 10 மீட்டர் விட்டு வாருங்கள். ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் தலைகீழாக, வார் விரித்தபடி, கண்ணாடியை உள்ளே வைத்து விடுங்கள். சாக்ஸில் பவுடர் தூவினால் ஈரக் காலில் ஏறும். உங்கள் சைக்கிள் எத்தனையாவது வரிசை என்று நடந்து எண்ணிப் பாருங்கள். தண்ணீரிலிருந்து வரும்போது எல்லாச் சைக்கிளும் ஒன்று போலத்தான் தெரியும்.

காட்டன் பனியன் வேண்டாம், தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் வாசலின்.

முந்தின இரவு சோறும் ரசமும் போதும். காலையில் இரண்டரை மணி நேரம் முன்னால் மூன்று நான்கு இட்லி, காரம் குறைத்து. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம். அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) பிரியாணியும் போட்டி முடிந்த பிறகு. ஒரு லிட்டர் பாக்கெட் ஓஆர்எஸ்ஸை ஒரு லிட்டரிலேயே கலக்குங்கள், பாதித் தண்ணீரில் கலந்தால் வயிற்றைப் பிரட்டும். சைக்கிளில் 10 நிமிடத்துக்கு இரண்டு மடக்கு, மொத்தம் அரை லிட்டர் முன்பின். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்வதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும்.

ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். நடக்கலாம், அதற்குத் தடையில்லை. வெயிலில் திடீரென்று உடம்பு சிலிர்த்தாலோ, வியர்வை நின்றாலோ, பேச்சு குழறினாலோ அங்கேயே நின்று தொண்டரைக் கூப்பிடுங்கள். ஓடி முடித்ததும் சட்டென்று உட்காராமல் 10 நிமிடம் நடங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரால் துடைத்து, செயினைக் காய விட்டு எண்ணெய் போடுங்கள். வியர்வை உப்பும் கடற்காற்றும் சேர்ந்தால் இரண்டு நாளில் துரு பிடித்துவிடும்.